அம்மாவின் உப்புக்கல்

மகன்,

சுகமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை நீ என் மேசையை விட்டு எழும்பியபோது சோற்றுப் பானை காலியாக இருந்தது. ஆகவே உன் சுகத்தைப் பற்றி எனக்குச் சந்தேகம் இல்லை. நானும் சுகம். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் திரும்ப வேலை செய்கிறது. அது பழுதாய்க் கிடந்த காலத்தில் கிடைத்த உடற்பயிற்சிதான் என் முழங்காலைக் கெடுத்தது என்று டொக்டர் சொல்கிறார். என்னைப் படியேறச் சொன்னவரும் அதே டொக்டர்தான். ஒஸ்லோவின் ஒரு கரையில், ஹவுகன்ஸ்டுவாவில் இருக்கிற தகப்பன் மறு கரையில், ஹவுகெட்டோவில் இருக்கிற மகனுக்குக் கடிதம் எழுதுவது உனக்கு விசித்திரமாக இருக்கும். நடுவில் ஒருமுறை ரயில் மாறினால் போதும், நேரே வந்து சொல்லியிருக்கலாம். ஆனால் நேரே சொன்னால் நான் இரண்டாவது வசனத்துக்கு வருவதற்குள் நீ “ஓம் அப்பா, ஓம் அப்பா” என்று தொடங்கிவிடுவாய். அந்த ஓமுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். என் தகப்பனுக்கு அதே ஓமைச் சொல்லித்தான் நானும் வளர்ந்தேன்.

இங்குள்ள தமிழ் மன்றத்து ஆண்டு மலருக்கு, புலம்பெயர்ந்த பெற்றோர் தம் பிள்ளைகளுக்குக் கூறும் அறிவுரை என்ற பொருளில் ஏதாவது எழுதித் தரும்படி கேட்டிருந்தார்கள். தமிழ், பண்பாடு, தாய்மண் ஆகிய மூன்றும் வர வேண்டுமாம். முடிந்தால் ஒரு புகைப்படம். நான் எழுதப் போவது உப்பைப் பற்றி. இதை அவர்கள் போடுவார்களோ தெரியாது. போட்டால் உன்னைத் தெரியாதவர்களும் வாசிப்பார்கள் என்பதால், உனக்குத் தெரிந்த சில விஷயங்களையும் விளக்கி எழுத வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

நீ மிருக வைத்தியன். இந்த நகரத்துத் தமிழர் நடுவில் அது கொஞ்சம் சங்கடமான தொழில். கோயிலில் யாராவது மகன் என்ன செய்கிறார் என்று கேட்டால் நான் டொக்டர் என்பேன். முகம் மலரும். எந்த ஆஸ்பத்திரி என்று அடுத்த கேள்வி வரும். மலையில், காட்டுப் பனிமான்களுக்கு என்பேன். மலர்ந்த முகம் மெல்ல மூடுவதை நான் பல வருடங்களாக ரசித்து வருகிறேன். மகளுக்கு வரன் தேடிக்கொண்டிருந்த ஒரு அம்மா மட்டும் விடாமல், மானுக்கு அப்படி என்ன வருத்தம் வரும் என்று விசாரித்தார். உள்ளதைச் சொன்னேன். மூளையில் ஒரு புரதம் கோணலாக மடிந்துவிடுகிறது, பக்கத்தில் இருப்பவையும் அதைப் பார்த்து மடிகின்றன, மான் மெலிந்து மெலிந்து, தலை தொங்கி, வாயில் எச்சில் வடிய நின்று, கடைசியில் செத்துப்போகும், மருந்து கிடையாது. “அப்ப டொக்டர் என்னதான் செய்யிறவர்?” என்றார். சுடச் சொல்கிறவர், பிறகு தலையை வாங்கி அறுத்துப் பார்க்கிறவர் என்றேன். அந்தச் சம்பந்தம் அதோடு நின்றது. உனக்கு நான் செய்த உதவிகளில் அதையும் ஒன்றாக எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். நீ வந்தது சாப்பிடுவதற்கு அல்ல என்று சப்பாத்தைக் கழற்றும்போதே தெரிந்துவிட்டது. அவ்வளவு நேரம் எடுத்துக் கழற்றினாய். நான் அடுப்படியில் பருப்பைக் கிண்டிக்கொண்டு நின்றேன். நீ பின்னால் வந்து நின்று, சுவரைப் பார்த்துச் சொல்வதுபோலச் சொன்னாய்.

“அப்பா, மேலை இருக்கிற உப்பு வைக்கிற இடம் எல்லாத்தையும் மூடுறம். அம்மான்ரை கல்லையும் எடுக்கோணும்.”

நான் தொடர்ந்து கிண்டினேன். கிண்ட வேண்டிய தேவை பருப்புக்கு இருக்கவில்லை. நீ அந்த மௌனத்தைப் பிழையாக விளங்கிக்கொண்டாய்.

“இல்லை, விடுங்கோ,” என்றாய். “அது பாதையிலை இருந்து தூரம்தானே. ஒருத்தருக்கும் தெரியாது. நான் பேசாமல் விட்டிடுறன்.”

பிறகு இருவரும் சாப்பிட்டோம். நீ ஹவுகெட்டோவில் கார் நிறுத்த இடம் கிடைக்காததைப் பற்றி நிறையக் கதைத்தாய். நானும் அந்தப் பிரச்சினையில் மிகுந்த அக்கறை உள்ளவன்போலக் கேட்டுக்கொண்டிருந்தேன். நீ போன பிறகுதான், நான் வாய் திறக்காததால் நீ எனக்காக ஒரு பொய்யைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாய் என்று உறைத்தது. அதைத் திருப்பி வாங்கத்தான் இந்தக் கடிதம்.

அந்தக் கல் எப்படி வந்தது என்று உனக்கே முழுதாக நினைவிருக்குமோ தெரியாது. ஸ்டோவ்னரில் நான் பள்ளிக்கூடக் கட்டடத்தைப் பராமரிக்கும் வேலையில் இருந்த காலத்தில், கூட வேலை செய்தவர்கள் இலையுதிர் காலம் வந்தால் மலைக்குப் போவார்கள். நாங்களும் போக வேண்டும் என்று உன் அம்மா சொன்னாள். ஏன் என்று கேட்டேன். “இந்த நாட்டுல மாடு எங்கதான் மேயுது எண்டு பாக்கணும்,” என்றாள். அவள் மட்டக்களப்பு, படுவான்கரைப் பக்கம். மாட்டுப் பட்டி வைத்திருந்த குடும்பம். நான் யாழ்ப்பாணம், எங்கள் வீட்டில் ஒரு பசு, அதற்கும் என்னைப் பிடிக்காது. ஹல்வோர் என்ற செம்மறிக்காரரின் பழைய மரக்குடிலை வாடகைக்கு எடுத்தோம். அதற்குப் பிறகு வருடா வருடம் போனோம். அந்த மலைமேட்டின் நோர்வேஜியப் பெயரை உன் அம்மா ஒருநாளும் முழுதாகச் சொன்னதில்லை. மேலை என்பாள். “மேலைக்குப் போவமா மனே?” என்று அவள் உன்னைக் கேட்டால் நீ உடனே போய்க் கம்பளிக் காலுறையைத் தேடுவாய். சொல்லாமலே நீ காலுறை தேடிய ஒரே இடம் அதுதான்.

முதல் வருடம் நடந்த கோப்பி விஷயம் உனக்கு நினைவிருக்க வேண்டும். ஓடைக்கரையில் நெருப்பு மூட்டி ஹல்வோர் கோப்பி காய்ச்சினார். மரத்தில் குடைந்த ஒரு கோப்பையில் ஊற்றித் தான் ஒரு வாய் குடித்துவிட்டு அதை உன் அம்மாவிடம் நீட்டினார். மலையில் அது பெரிய மரியாதை என்று பிறகு கேள்விப்பட்டேன். உன் அம்மாவைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? வீட்டில் நான் வாய் வைத்த கோப்பையை உன்னைத் தொட விடமாட்டாள். கறியில் உப்புப் பார்த்த கரண்டி திரும்பச் சட்டிக்குள் போனால் அந்தச் சட்டிக்கே துக்கம் கொண்டாடுவாள். உன்னைப் பார்னஹாகவில், அதுதான் இங்கத்தைய பாலர் பள்ளியில், சேர்த்த முதல் கிழமை, பிள்ளைகள் ஒருவர் போத்தலில் ஒருவர் குடிக்கிறார்கள் என்று முறையிடப் போனாள். அங்கே இருந்த பெண் அப்படிக் குடித்தால்தான் எதிர்ப்புச் சக்தி வரும் என்று சிரித்துச் சொல்ல, வீட்டுக்கு வந்து அந்தப் பெண்ணுக்குத் தாய் இல்லைப்போல என்று இரக்கப்பட்டாள். அப்படிப்பட்டவள் அன்று கோப்பையை இரண்டு கையாலும் வாங்கினாள். சிரித்தாள். தலையை அண்ணாந்து, உதடு படாமல், கொதிக்கிற கோப்பியை மேலிருந்து வாய்க்குள் ஊற்றினாள். கண்ணில் தண்ணீர் வந்தது, ஒரு சொட்டுச் சிந்தவில்லை. ஹல்வோர் இது உங்கள் மதமா என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். இல்லை, சுகாதாரம் என்றேன். அவர் யோசித்தார். பிறகு கோப்பையை வாங்கித் தானும் அண்ணாந்து பார்த்தார். அந்தத் தாடியில் போன கோப்பி எவ்வளவு என்று இன்றைக்கும் கணக்கில்லை. அடுத்த வருடம் நாங்கள் போனபோது குடில் வாசலில் ஆணியில் ஒரு புதுக் கோப்பை தொங்கியது. அது அவளுக்கு மட்டும் என்று சொன்னார். இந்த நாட்டில் எங்களை எத்தனையோ பேர் எத்தனையோ வகுப்புகளில் வைத்து இந்தச் சமூகத்தோடு ஒருங்கிணைத்திருக்கிறார்கள். அந்த ஆணியைப்போல ஒன்றும் வேலை செய்யவில்லை.

ஹல்வோர் தன் செம்மறிகளுக்கு உப்புக்கல் வைப்பார். செங்கல் அளவில், நடுவில் ஓட்டை உள்ள சிவந்த கல். ஒரு தடியில் செருகி நிறுத்தி வைத்தால் மிருகங்கள் வந்து நக்கும். அதைக் கண்டதும் உன் அம்மாவின் முகத்தில் வந்த வெளிச்சம், விமான நிலையத்தில் சொந்தக்காரரைக் கண்ட ஆளுக்கு வருவது. தகப்பன் பட்டிக்கு உப்பு வைக்கும் நாட்களில் மாடுகள் எப்படி வரிசை கட்டும் என்று நடந்து காட்டினாள். எங்களுக்கும் ஒரு கல் தரும்படி கேட்டாள். செம்மறி போகாத உயரத்தில், தட்டைப் பாறைக்குப் பக்கத்தில் வைக்கலாம் என்றாள். நீதான் அதை முதுகுப் பையில் சுமந்துகொண்டு முன்னால் நடந்தாய். அடுத்த வருடம் அந்தப் பாறைக்குப் பின்னால் நாங்கள் மூவரும் ஒளிந்திருந்தோம். மூடுபனி. உனக்குத் தடிமன், இருமிவிடுவாய் என்று அவள் உன் வாயைப் பொத்தியிருந்தாள். முதலில் சத்தம்தான் கேட்டது. பனிமான் நடக்கும்போது காலில் ஒரு சத்தம் வரும், விரலில் நெட்டி முறிப்பதுபோல. ஒரு மந்தை முழுவதும் நெட்டி முறித்துக்கொண்டு மூடுபனிக்குள்ளிருந்து வந்தது. அவை கல்லைச் சுற்றி நின்று, ஒன்றை ஒன்று இடித்துத் தள்ளி, மாறி மாறி நக்கின. கல்லுக்குக் கீழே கரைந்து ஊறிய மண்ணையும் தின்றன. “எங்கட பட்டி போலயே கா,” என்று அவள் என் காதில் சொன்னாள். அவள் ஊரை நினைத்து அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்கும் அழவில்லை. ஆனால் உன் வாயைப் பொத்திய கையை எடுக்க மறந்துபோனாள்; நீ பிறகு அதைப் பற்றிப் பலமாக முறையிட்டாய்.

அவள் போன பிறகு நாங்கள் இருவரும் என்ன செய்வது என்று தெரியாமல் இருந்த வருடத்தில் எனக்குத்தான் அந்த யோசனை வந்தது. எங்கள் யாழ்ப்பாணப் பக்கத்தில், தெருவோரத்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு கல் நட்டிருக்கும். வழியில் போகும் மாடுகள் உடம்பைத் தேய்த்துக்கொள்வதற்கு. ஆவுரோஞ்சிக்கல் என்போம். செத்துப்போனவர் பேரில் அதை நடுவார்கள். உன் அம்மா பேரில் மேலை ஒன்று நடுவோம் என்றேன். ஹல்வோர் சம்மதித்தார். கல்லுக்குப் பதிலாகப் பள்ளிக்கூடத்து மரவேலை அறையில் ஒரு நல்ல மரக்கம்பத்தைச் செதுக்கி, மிருகம் தேய்க்கும் அளவுக்கு உறுதியாக ஆழ நட்டு, உச்சியில் உப்புக்கல்லைச் செருகினோம். யாழ்ப்பாணத்துக் கல்லும் மட்டக்களப்பு உப்பும் கடைசியில் நோர்வேயில்தான் ஒத்துப்போயின. ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் புதுக் கல் மாட்டினோம். மந்தை வந்தது. கம்பம் மான்களின் முதுகு பட்டு மினுங்கத் தொடங்கியது. நீ அந்தப் பாறைக்குப் பின்னால் படுத்துக் கிடந்துதான் மிருக வைத்தியம் படிக்கப் போகிறேன் என்று சொன்னாய். நான் சரி என்றேன். உன் அம்மா பெயரில் ஒரு மந்தைக்கே அன்னதானம் நடக்கிறது என்று கோயிலில் சொல்லிப் பெருமையும் பட்டேன்.

பிறகு இந்த நோய் வந்தது. வேறொரு மலையில், நோய் இருந்த ஒரு மந்தையை ஒன்றுவிடாமல் சுட்டு முடித்தார்கள். அந்த நிலத்தை வெறுமையாக விட்டுவைத்தார்கள். அந்தச் செய்தி வந்த மாலை நீ தொலைபேசியில், “அப்பா, காப்பாத்துறதுக்குத்தானே நான் படிச்சனான்,” என்றாய். சாப்பிட்டாயா என்று கேட்டேன். தமிழ்த் தகப்பன்மார் பதில் தெரியாத எல்லா இடத்திலும் அதைத்தான் கேட்கிறோம். இப்போது வயது போன பிறகு ஒரு பதில் கிடைத்திருக்கிறது. அறிவுரை கேட்டார்கள் அல்லவா, இதையே அறிவுரையாக எடுத்துக்கொள்ளட்டும். ஒரு மந்தையை நேசிப்பதும் அதிலுள்ள ஒவ்வொரு மானையும் நேசிப்பதும் ஒரே வேலை என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவை இரண்டு வேலை. இரண்டையும் ஒரே ஆளிடம் கொடுத்துவிட்டு, அவன் ஏன் சிரிப்பதில்லை என்று ஊர் கேட்கும். கேட்கட்டும். நீ கல்லாகிவிடாதே, கரைந்தும் போய்விடாதே. ஒவ்வொரு தலையை அறுக்கும்போதும் கொஞ்சம் கஷ்டமாக இருந்தால் நீ நன்றாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொள்.

உப்பு வைக்கும் இடங்களை மூட வேண்டும் என்று வந்தபோது ஹல்வோரிடம் போனவன் நீ. அவர் உன்னை என்னென்ன கேட்டார் என்று அவரே எனக்குச் சொன்னார். ஒஸ்லோவிலிருந்து வந்து செம்மறிக்கு உப்புப் போடச் சொல்லித் தருகிறாயா என்று கேட்டாராம். நீயும் உன் தாயும் என் வீட்டுக் கோப்பியைக் குடித்தவர்கள் என்றாராம். நீ கோபப்படவில்லை. எல்லா மிருகமும் ஒரே கல்லை நக்கும்போது ஒன்றின் எச்சில் எல்லாவற்றுக்கும் போகிறது, மண்ணுக்குள்ளும் போகிறது, அதிலுள்ள நோய் கொதிக்க வைத்தாலும் சாகாது, பனியிலும் சாகாது, வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும் என்று பொறுமையாகச் சொன்னாயாம். அவர் இரண்டு மாதம் உன்னோடு கதைக்கவில்லை. பிறகு தன் உப்புக்கல் எல்லாவற்றையும் தானே எடுத்து, மண்ணையும் அள்ளிக் கொடுத்து, வேலி போட்டார். எங்களுடையதை மட்டும் அவர் தொடவில்லை. அதைப் பற்றிக் கேட்டேன். “அது உன் மனைவியுடையது,” என்றார். “உன் மகனுக்கு அது எங்கே இருக்கிறது என்று தெரியும். அவன் என்ன செய்கிறான் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.” அந்த மனிதர் குறைவாகக் கதைக்கிறவர். கதைத்தால் அதை வீடு வரைக்கும் சுமந்துகொண்டு வர வேண்டியிருக்கும்.

ஆகவே ஒருத்தருக்கும் தெரியாது என்று நீ சொன்னது சரியில்லை. ஹல்வோருக்குத் தெரியும். மான்களுக்குத் தெரியும், மற்ற உப்பெல்லாம் மூடப்பட்ட பிறகு அவை எல்லாம் எங்கே வரும் என்று நீதான் எனக்குச் சொல்ல வேண்டும். நாங்கள் அன்பாக நட்ட ஒரே கம்பத்துக்கு அந்த மேட்டிலுள்ள அத்தனையும் வரும். எங்கள் கல்லில் நோய் இருக்கிறது என்று நீ சொல்லவில்லை. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இருக்கிறதா என்று தெரிய வரும் நாளில் எடுத்துப் பயனில்லை என்பதும் நீ சொன்னதுதான்.

ஞாயிறு மாலை உன் தட்டைக் கழுவிக்கொண்டு நின்றபோதுதான் எனக்குச் சிரிப்பு வந்தது. நானும் நீயும் அவளுடைய நினைவை எப்படிக் காப்பாற்றுவது என்று ஒருவரை ஒருவர் பார்த்து மௌனமாக இருந்தோம். அவள் எப்படிப்பட்டவள் என்பதை இரண்டு பேரும் மறந்துபோனோம். ஒரு கோப்பையில் இரண்டு பேர் வாய் வைத்தால் பொறுக்காதவள், ஒரு மந்தை முழுவதற்கும் ஒரே கல்லை நக்கக் கொடுத்தாள். மிருகத்திடம் மட்டும் எச்சில் பார்க்கத் தோன்றவில்லை அவளுக்கு, அவ்வளவு ஆசை. நீ ஹல்வோருக்குச் சொன்னதை அவளுக்குச் சொல்லியிருந்தால் இரண்டு மாதம் தேவைப்பட்டிருக்காது. இது எச்சில் பட்டது, எவ்வளவு கொதிக்க வைத்தாலும் கழுவுப்படாது என்று ஒரு வசனம் போதும். கழுவுப்படாத ஒரு பாத்திரத்தை உன் அம்மா தன் வீட்டில் ஒரு இரவு வைத்திருக்கமாட்டாள். நீ கார்ச் சாவியைத் தேடி எடுப்பதற்குள் அவள் மேலைக்கு நடக்கத் தொடங்கியிருப்பாள்.

எனவே அதை எடு, மகன். கம்பத்தோடு, கீழே ஊறின மண்ணோடு, எவ்வளவு ஆழம் உன் வேலை கேட்கிறதோ அவ்வளவு ஆழமும். எனக்காக ஒரு துண்டுகூட ஒளித்துக்கொண்டு வராதே. நான் கேட்டாலும் தராதே. அந்த இடத்தில் நான் கேட்கக்கூடும். மண்ணை அள்ளி மூடி, வேலியும் போட்டபின் அந்தப் பாறைக்குப் பின்னால் கொஞ்ச நேரம் இருப்போம். சில வருடங்களுக்கு அவை பழக்கத்தில் வந்து வேலியைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போகும் என்று நினைக்கிறேன். பிறகு மறந்து, சிதறி, தனித்தனியாக மேயும். உனக்கு வேண்டியது அதுதானே.

வரும் சனிக்கிழமை காலை வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போ. லிஃப்ட் வேலை செய்கிறது, கீழே நிற்பேன். முழங்காலைப் பற்றிக் கதைக்காதே. மண்வெட்டி நீ கொண்டு வா. தேத்தண்ணி நான் ஃபிளாஸ்கில் கொண்டு வருகிறேன், கோப்பை இரண்டு.

அப்பா